பேச்சு போனால் யோசனையும் போய்விடுமா? அஃபேசியா பயிற்சியில் கவனிக்க வேண்டியவை

பக்கவாதத்தில் அஃபேசியா வந்து, அதாவது மூளை பாதிப்பால் மொழி தடுமாறி, பேச்சு போனவரைப் பற்றி வீட்டார் முதலில் கேட்பது, "புத்தி தெளிவா இருக்கா?" என்பதைத்தான். பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். ஆய்வாளர் ரோஸ்மேரி வார்லி குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான அஃபேசியா உள்ள மூவருக்கு 'யார் யாரை அடித்தார்' என்பது போன்ற வாக்கியங்கள் பிடிபடவில்லை. ஆனால் கழித்தல் கணக்கில் எண்கள் இடம் மாறினால் விடையும் மாறும் என்பது புரிந்தது.

அதற்காக எல்லாருக்கும் யோசனை அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முதலில் பேச்சில்லாமல் சோதியுங்கள். சாவிப் படத்தைக் காட்டி, பூட்டு, கரண்டி இரண்டில் எதோடு சேரும் என்று கையால் காட்டச் சொல்லுங்கள். இதிலேயே தொடர்ந்து தடுமாறினால் பொருளறிவே, அதாவது எது என்ன, எதற்கு என்ற அறிவே, பாதிக்கப்பட்டிருக்கலாம். அவருக்குப் படங்களை வகை பிரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் தேறியவருக்குச் சொல்லைத் தேட யோசனையே வழி. குடைப் படத்தை நடுவில் வைத்து, அது என்ன வகை, எதற்கு, எப்படி இருக்கும், எங்கே இருக்கும், எதை நினைவூட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விரித்துக் காட்டும் சைகையும் பதில்தான். சொல் நடுவில் வந்துவிட்டாலும் மிச்சக் கேள்விகளை விடாதீர்கள். வராவிட்டால் பத்து விநாடியாவது பொறுங்கள். பிறகு "மழை வந்தா பிடிக்கிறது..." என்று நிறுத்துங்கள், அப்புறம் முதல் எழுத்து 'கு', கடைசியில்தான் முழுச்சொல். பக்கத்தில் இருப்பவர் பரிதாபப்பட்டு உடனே சொல்லிக்கொடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. தேடும் வேலை அவருடையது.

அடுத்துச் சாவியைக் காட்டினாலும் "குடை" என்றே வரலாம். திருத்திக்கொண்டே இருந்தால் அந்தச் சொல் இன்னும் ஒட்டிக்கொள்ளும். படத்தை மூடிவிட்டு, சற்று இடைவெளி விட்டு, வேறு படத்துக்குப் போங்கள். குடை, குடம் இரண்டையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள்.

'ஆமா'வை நம்பி முடிவெடுப்பது இன்னும் ஆபத்து. பலருக்கு அது தானாக வரும் சொல். "வலிக்குதா?" என்பதற்கு ஆமா, கொஞ்சம் கழித்து "வலி போயிடுச்சா?" என்றாலும் ஆமா என்றால், இரண்டையுமே கணக்கில் எடுக்காதீர்கள். "வலி இல்லையா?" என்று எதிர்மறையில் கேட்கவே வேண்டாம்; ஆமா என்றாலும் இல்லை என்றாலும் குழப்பம்தான். உடல் படம் ஒன்றை நீட்டி, வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மருந்து, ஒப்புதல் கையெழுத்து போன்றவற்றுக்கு முன் அவர் சொன்ன 'ஆமா'வை இப்படிக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.