பையின் மேல் பத்து டன் காற்று

ஃபைபர் போட் செய்யும் கொட்டகைக்குள் ஒருமுறை நுழைந்தவர்களுக்கு அந்த வாடை மறக்காது. அச்சில் கண்ணாடி இழைப் பாயை (மேட்) விரித்து, பிரஷால் ரெசின் என்ற இறுகும் பிசினைப் பூசி, உருளையால் தேய்த்துக் குமிழிகளை விரட்டுவார்கள். அப்புறம் அடுத்த மேட், மறுபடி ரெசின். வாடை, பாலியெஸ்டர் ரெசினில் கலந்திருக்கும் ஸ்டைரீன் என்ற ஆவியாகும் திரவத்துடையது. எவ்வளவு ரெசின் போகும் என்பதை ஆளின் கைதான் முடிவு செய்கிறது, கை எப்போதும் தாராளம். இப்படிச் செய்த தகட்டின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இழை. சுமையைத் தாங்குவதோ இழை. ரெசின் அதைப் பிடித்துவைக்கும் பசை.

இதே வேலையைக் காற்றை வெளியேற்றிச் செய்யும் வெற்றிட முறையும் உண்டு. அதில் எல்லாமே ரெசின் இல்லாமல், காய்ந்தபடி தொடங்குகிறது. இழைத்துணிகளை அச்சில் அடுக்குகிறார்கள். மேலே, பிற்பாடு உரித்தெடுக்க வசதியாக ஒரு நைலான் துணி. அதற்கும் மேலே கொசுவலை போன்ற ஒரு பிளாஸ்டிக் வலை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி, விளிம்பு முழுக்கப் பசைநாடாவால் அடைக்கிறார்கள். உள்ளே போவது இரண்டு குழாய்: ஒன்று பம்புக்கு, இன்னொன்று கவ்வியால் இறுக்கப்பட்டு ரெசின் வாளிக்கு.

பம்பைப் போட்டதும் தாள் சுருங்கித் துணியோடு ஒட்டிக்கொள்கிறது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தால் பலகை மாதிரி இருக்கும். ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் எடை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வேறொன்றுமில்லை, நம் எல்லோர் தலைமேலும் இருக்கிற அதே காற்று. கவ்வியைத் திறந்தால் ரெசின் குழாயில் ஏறி வருகிறது. 'பம்ப் உறிஞ்சுகிறது' என்றுதான் நாமும் சொல்வோம். இளநீரில் ஸ்ட்ராவை வைத்து நாம் உறிஞ்சுவதாக நினைப்பதும் இதே கணக்குதான். வாய் செய்வது ஸ்ட்ராவின் காற்றைக் குறைப்பது மட்டுமே. இளநீரை மேலே தள்ளுவது வெளிக்காற்று.

இதனால் ஒரு கறாரான வரம்பு வந்துவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்துப் பம்ப் வாங்கினாலும் ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கிடைக்காது. சென்னையில் செய்கிற வேலையையே ஊட்டிக்குக் கொண்டுபோனால், அந்த உயரத்தில் காற்றின் தள்ளுவிசையில் கால்வாசி போய்விடும். விமானப் பாகங்களை வேகவைக்கும் ஆட்டோகிளேவ் என்ற ராட்சதக் குக்கரில் ஆறேழு மடங்கு அழுத்தம் சாதாரணம். ஆனால் இறக்கை நீளத்துக்கு ஒரு குக்கர் கட்ட வேண்டுமே!

சரி, ரெசின் எவ்வளவு தூரம் போகும்? சிக்கல் இங்கேதான். பிரான்சின் திஜோன் நகரத்துக் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளை ஆராய்ந்த ஹென்றி டார்சி, 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். நுண்துளைகள் வழியே ஓடும் திரவத்தின் வேகம், அழுத்தச் சரிவு கூடினால் கூடும். திரவம் கெட்டியாக இருந்தால் குறையும். மணலுக்குச் சொன்னது துணிக்கும் அப்படியே பொருந்துகிறது. ரெசின் முன்னேற முன்னேற, அதே ஒரு வளிமண்டல அழுத்தம் நீண்டுகொண்டே போகும் தூரத்துக்குப் பங்கிடப்படுகிறது. ஆகவே நேரம் தூரத்தின் வர்க்கமாக ஏறும். முதல் மீட்டருக்குப் பத்து நிமிடம் என்றால் இரண்டு மீட்டருக்கு நாற்பது, மூன்றுக்கு ஒன்றரை மணி. அதற்குள் ரெசின் கெட்டிப்பட ஆரம்பித்துவிடும். இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த ரெசினை வாளியில் அதிகமாகத் தேக்கிவைத்தால் இன்னும் மோசம்: வினையில் பிறக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் வாளியே புகைய ஆரம்பிக்கும்.

காற்றை எடுத்து ரெசினை இழைக்குள் ஓடவிடும் யோசனை பழையது. மார்கோ முறை என்ற பெயரில் 1950இலேயே அமெரிக்காவில் காப்புரிமை உண்டு. பெரிய பாகங்களுக்கு வழி திறந்தது அந்தக் கொசுவலை. வில்லியம் சீமன் 1990இல் காப்புரிமை பெற்ற, ஸ்க்ரிம்ப் என்று அழைக்கப்படும் முறையில் ரெசின் துணிக்குள் மீட்டர்கணக்கில் ஊர்ந்து போவதில்லை. மேலே வலையில் சரசரவென்று பரவிவிட்டு, துணியின் கனத்துக்குள் சில மில்லிமீட்டர் கீழே இறங்கினால் போதும். வர்க்கக் கணக்கை ஏமாற்ற இதைவிட எளிய தந்திரம் எனக்குத் தெரியவில்லை. நீளமான பாகமென்றால் வரிசையாகப் பல குழாய்களை வைத்து ஒவ்வொன்றாகத் திறக்கலாம்.

107 மீட்டர் நீளமுள்ள காற்றாலை இறக்கையை 2019இல் பிரான்சின் ஷெர்பூரில் செய்தார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது காண்கிற புதிய பெரிய இறக்கைகளும் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஸ்வீடனின் 73 மீட்டர் விஸ்பி போர்க்கப்பலின் கார்பன் இழை உடலும், 2017இல் முதன்முறை பறந்த ரஷ்யாவின் எம்எஸ்-21 பயணிகள் விமானத்தின் இறக்கையும் ஆட்டோகிளேவ் இல்லாமல் இப்படி உருவானவையே.

நல்ல வேலையில் இழையின் பங்கு எடையில் எழுபது சதவீதம் வரை வரும். ஆனால் இந்த முறைக்கு மன்னிக்கும் குணம் குறைவு. கைவேலையில் குமிழி தெரிந்தால் உருளையை இன்னொரு இழுப்பு இழுக்கலாம். இங்கே ஊசித்துளை அளவு கசிவு இருந்தால் ரெசினுக்குள் குமிழிகள் சங்கிலியாக ஓடும், கைவைக்க வழியிருக்காது. அதனால்தான் ரெசினைக் கலக்கும் முன்பே பம்பின் வால்வை மூடிவிட்டு அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். முள் நகர்ந்தால் கசிவைத் தேடிக் காதை வைத்து விளிம்பைச் சுற்றிவர வேண்டியதுதான். இன்னொரு வில்லங்கம், ஓரத்தில் துணி சரியாகப் படியாமல் இடைவெளி விழுவது. ரெசின் அந்தக் குறுக்குவழியில் முந்தி ஓடி, சுற்றிவளைத்து, நடுவில் ஒரு காய்ந்த தீவை விட்டுவிடும். வெற்றிடம் அதிகமானால் ஸ்டைரீனே கொதித்துக் குமிழியாகிவிடும் என்பதால், பாலியெஸ்டர் என்றால் நிரம்பிய பிறகு வெற்றிடத்தைச் சற்றுத் தளர்த்திவைக்கிறார்கள்.

நிரம்பியதும் ரெசின் குழாயை இறுக்கிவிட்டு, இறுகும்வரை வெற்றிடத்தை விடாமல் பிடித்துவைப்பார்கள். மறுநாள் நைலான் துணியைச் சர்ரென்று உரித்தவுடன், எல்லோரும் முதலில் தேடுவது வெள்ளைத் திட்டுகளைத்தான். நனைந்த கண்ணாடி இழை ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ரெசின் எட்டாத இடம் பஞ்சுபோல் வெளுத்து நிற்கும்.