கரைக்காடு வேறு, மேட்டுக்காடு வேறு

உடுமலையிலிருந்து மறையூர் போகும் சாலையில், சின்னாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் முள்ளும் கள்ளியுமாகக் கிடக்கும் மேட்டைப் பார்த்து, "இங்கே மரம் நட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல மனதோடு கேட்பதுதான். ஆனால் அந்த மேடு ஏற்கெனவே காடுதான்.

கேரளத்தின் சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் மழைமறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழையை மூணாறு மலைகள் தடுத்துவிடுகின்றன; இங்கே ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். உசிலை, வெள்வேல், கிளுவை, வெக்காலி, சதுரக்கள்ளி எல்லாம் அந்த மழைக்குப் பழகியவை. கிளுவை பல மாதம் இலையில்லாமல் நிற்கும், பட்ட மரம் என்று நினைத்துவிட வேண்டாம். கள்ளியில் இலையின் வேலையைப் பச்சைத் தண்டே செய்கிறது.

அங்கிருந்து ஓடைக்கு இறங்குங்கள். கொஞ்ச தூரத்திலேயே நீர்மருது, புங்கன், நாவல், அத்தி, மா என்று காடே மாறிவிடும். மழை இரண்டுக்கும் ஒன்றுதான். கரையில் வண்டல் இருக்கிறது, கோடையிலும் வேருக்கு எட்டும் ஈரம் இருக்கிறது. விதை பரவுவதிலும் வேறுபாடு உண்டு: மேட்டு வெக்காலியின் சின்னக் காய் காற்றில் போகும், மருதங்காயும் புங்கங்காயும் தண்ணீரில் மிதந்து, வெள்ளம் வடிந்த இடத்தில் ஒதுங்கி முளைக்கும்.

காட்டு மரங்களைக் கணக்கெடுக்கும்போது மரத்தின் சுற்றளவை மார்பளவு உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில் அளக்கிறோம். மேட்டில் ஒல்லித் தண்டுகள் நிறைய, பல அடியிலேயே கிளைத்தவை. கரையில் மரம் குறைவு, பருமன் அதிகம். பருமனை மட்டும் பார்த்து மேட்டுக்காட்டை மட்டம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

கரைக்காடு ஓடையோரம் நீளும் குறுகலான பட்டை. சின்னாற்றில் சாம்பல் நிற மலை அணில் பெரும்பாலும் இதை நம்பித்தான் வாழ்கிறது. கிளையோடு கிளை பின்னியிருக்கும் உச்சிதான் அதற்குப் பாதை. நடுவில் நாலு மரம் போனால் பாதை அறுந்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை சரணாலயத்துக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவில் ஓடும் ஓடைகள்தான். பெரிய மருதுகளைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். அப்புறம் கீழே கன்றுகளைத் தேடினால் உண்ணிச்செடிப் புதர்தான் (லாண்டானா) கண்ணில் படுகிறது. அதன் நிழலில் மரக்கன்று எழும்புவது கடினம். தப்பி வருவதை ஆடு கடித்துவிடுகிறது. கோடையில் மோட்டார் வைத்து ஓடையை வற்ற இறைத்தால், வேர் ஆழம் போகாத கன்றுகள்தான் முதலில் காயும்.

உங்கள் நிலத்தில் ஓடை இருந்தால் முதலில் கரையோரக் கன்றுகளை எண்ணிப் பாருங்கள். உண்ணிச்செடியை வேரோடு எடுங்கள், ஆடு புகாமல் கொஞ்ச காலம் வேலி போடுங்கள். அதற்குப் பிறகும் கன்று வரவில்லையென்றால் மட்டும் நடலாம். அதே ஓடையின் மரத்து விதையை, வடகிழக்கு மழை பிடிக்கும் நேரத்தில். மேட்டில் கிளுவையும் உசிலையும் நிற்கிற இடத்தில் குழி தோண்டாதீர்கள்.