உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு

இடுப்பு மூட்டு என்பது ஒரு பந்தும் கிண்ணமும்தான். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் சுழல்கிறது. 1960களின் தொடக்கத்தில் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் சிறிய உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் ஜோடி சேர்த்தார். இன்றைய செயற்கை மூட்டுகளுக்கு அதுவே அடித்தளம். குறை ஒன்றுதான்: பிளாஸ்டிக் தேயும். தேய்ந்த துகள்களை விழுங்கும் நோய் எதிர்ப்பு செல்கள் எலும்பு கரையும்படி தூண்டிவிட, மூட்டு மெல்லத் தளரும். இளம் வயதில் மாற்றிக்கொண்டவருக்கு இது பெரிய தலைவலி.

சரி, பிளாஸ்டிக்கே வேண்டாம், பந்து, கிண்ணம் இரண்டையும் கோபால்ட்-குரோமியம் கலப்பு உலோகத்தில் செய்தால் என்ன? பழைய யோசனைதான், 1990களில் புது வேகத்தோடு திரும்பி வந்தது. சோதனை இயந்திரங்களில் தேய்மானம் பிளாஸ்டிக்கைவிடப் பல மடங்கு குறைவு. பந்து பெரிதானால் மூட்டு எளிதில் நழுவாது, நடுவே உராய்வைக் குறைக்கும் திரவப் படலமும் நன்றாக உருவாகும் என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு தேய்மானத்தின் மொத்த அளவைத்தான் பார்த்தது. உலோகத் துகள்கள் நானோமீட்டர் அளவிலானவை. மொத்தத்தில் கொஞ்சமே தேய்ந்தாலும் எண்ணிக்கையில் பிளாஸ்டிக் துகள்களை மிஞ்சிவிடும். உடல் திரவத்தில் அவை அரிபட்டு கோபால்ட், குரோமியம் அயனிகளாக ரத்தத்தில் கலக்கும். துகள்களை விழுங்கும் செல்கள் செத்துப்போகும். சுற்றியுள்ள தசை சிதையலாம், புற்றுநோய் அல்லாத கட்டிகளும் திரவப் பைகளும் உண்டாகலாம்.

கிண்ணம் சற்றுச் செங்குத்தாகப் பொருத்தப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். பாரம் முழுவதும் விளிம்பில் விழும். திரவப் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தையே சுரண்டும். பெரிய பந்து வேறொரு வம்பையும் இழுத்து வந்தது. தொடை எலும்புக்குள் செருகும் உலோகத் தண்டின் கழுத்தோடு பந்து சேரும் இடத்தில் முறுக்கு விசை கூடி, அங்கேயும் அரிமானம் தொடங்கியது. உரசவே கூடாத இடம் அது!

இதை வெளிக்கொண்டு வந்ததில், யாருக்கு எந்த மூட்டு பொருத்தப்பட்டது, பிறகு என்ன ஆனது என்று குறித்துவைக்கும் அறுவை சிகிச்சைப் பதிவேடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்திரேலியப் பதிவேட்டில் எச்சரிக்கை மணி முதலில் அடித்தது. செயற்கை மூட்டு தயாரிக்கும் டெப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற தன் உலோக மூட்டை 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. 2012இல் வெளியான இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டு ஆய்வில், தண்டுள்ள உலோக மூட்டுகளில் 6.2 சதவீதம் ஐந்தாண்டுக்குள் மறு அறுவைக்கு வந்திருந்தன. பந்து பெரிதாகப் பெரிதாகத் தோல்வியும் கூடியது. பெண்களுக்குப் பாதிப்பு அதிகம்.

எல்லா உலோக மூட்டுகளையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. தொடை எலும்பின் தலையை வெட்டாமல் அதன்மேல் உலோகத் தொப்பி மாட்டும் முறையில், பெரிய எலும்பமைப்புள்ள இளம் ஆண்கள் பலர் நன்றாகவே இருக்கிறார்கள்.

ரத்தத்தில் கோபால்ட் மிக அதிகமாகி இதயம், தைராய்டு, பார்வை, செவித்திறன் பாதிக்கப்படுவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. மருத்துவக் கருவிகளுக்கான பிரிட்டிஷ் கட்டுப்பாட்டு அமைப்பு லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் என்ற அளவை எச்சரிக்கைக் கோடாக வைத்தது. இது நோயைக் குறிக்கும் எண் அல்ல, மேற்கொண்டு ஆராயச் சொல்லும் எண். வலி இல்லாமலேயே தசை சிதைந்துகொண்டிருக்கலாம் என்பதால்தான் இந்த மூட்டு உள்ளவர்களுக்கு ரத்தப் பரிசோதனையும், உலோக நிழலைக் குறைத்துப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.யும் பரிந்துரைக்கிறார்கள். தசை பெருமளவு அழிந்த பிறகு மூட்டை மாற்றினால் புது மூட்டைத் தாங்கிப் பிடிக்க அங்கே போதிய வலு இருக்காது.