ஒரே இரும்பு, வேறு வேறு கிராஃபைட்: வார்ப்பிரும்பின் வகைகள்

தண்ணீர் பம்பின் உறையில் டிரில் போட்டால், ஸ்டீலில் வருவதுபோல நீளச் சுருள் வராது. கறுப்புப் பொடிதான் உதிரும். தொட்டால் பென்சில் சீவியதுபோல விரல் கறுக்கும். பென்சிலில் இருக்கும் அதே கிராஃபைட்தான் இதுவும். வார்ப்பிரும்பில் எத்தனை வகை சொன்னாலும் வேறுபாடு பெரும்பாலும் இந்தக் கறுப்பு எந்த வடிவில் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான்.

ஸ்டீலில் கார்பன் பொதுவாக 1 சதவீதத்துக்குள் இருக்கும். வார்ப்பிரும்பில் 2.5 முதல் 4 சதவீதம், கூடவே 1 முதல் 3 சதவீதம் சிலிக்கான். தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். கார்பன் 4.3 சதவீதத்தை நெருங்கும்போது அது சுமார் 1,150 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. குழம்பும் நன்றாக ஓடும், மணல் அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிரம்பும். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் பம்பும் மோட்டார் உறையும் இதில் வார்க்கப்படுவது அதனால்தான்.

உறையும்போது இவ்வளவு கார்பனும் இரும்புக்குள் அடங்காது. தனியே பிரிந்து கிராஃபைட் ஆகலாம், இல்லையென்றால் இரும்போடு சேர்ந்து சிமென்டைட் என்ற கடினமான கார்பைடு ஆகலாம். சிலிக்கான் அதிகமாக இருந்து, வார்ப்பும் மெதுவாக ஆறினால் கிராஃபைட். சிலிக்கான் குறைந்து, சட்டென்று ஆறினால் கார்பைடு; அப்போது உடைத்த முகம் வெள்ளையாக இருக்கும்.

கிராஃபைட் ஏடு ஏடாகப் படிந்தது சாம்பல் வார்ப்பிரும்பு. உடைத்த முகம் சாம்பல் நிறம் என்பதால் இந்தப் பெயர். ஒவ்வொரு ஏட்டின் கூர்மையான ஓரமும் உள்ளே ஏற்கெனவே விழுந்த விரிசல் மாதிரி. வார்ப்பு தோசைக்கல் கைதவறி விழுந்தால் வளையாமல் இரண்டாக உடைவது இதனால்தான். தகட்டில் செய்த கல் நெளியுமே தவிர உடையாது. எஃப்ஜி 200 என்ற தரக்குறியீட்டில் 200 என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் இழுவலிமை. அமுக்கு வலிமையோ இதைப்போல மூன்று நான்கு மடங்கு. உடைகிறது என்பதற்காக இதை மட்டமான இரும்பு என்று நினைக்க வேண்டாம். அதிர்வை அந்த ஏடுகளே விழுங்கிவிடுவதால் லேத் இயந்திரத்தின் அடித்தளமான பெட்டுக்கு இன்றும் இதுதான். வெப்பத்தை வேகமாகக் கடத்துவதால் பிரேக் டிரம், டிஸ்க். கிராஃபைட்டே மசகாகவும் உதவுவதால் எஞ்சின் சிலிண்டரின் உள்ளுறையான லைனர்.

தொல்லை வருவது மெல்லிய இடங்களில். ஒரே கரண்டியிலிருந்து ஊற்றினாலும் 25 மி.மீ. தடிமனான பகுதி சாம்பலாகவும் 4 மி.மீ. விலா வெள்ளையாகவும் உறையலாம். மெஷின் ஷாப்பில் மரை வெட்டும் டேப் உடைந்த பிறகுதான் அது தெரியவரும். இதைத் தடுக்க, ஊற்றுவதற்குச் சற்று முன் 75 சதவீதம் சிலிக்கான் உள்ள ஃபெரோசிலிக்கான் (இரும்பு-சிலிக்கான் கலவை) குறுணையை உலோக எடையில் 0.2 முதல் 0.4 சதவீதம் சேர்ப்பார்கள். கிராஃபைட் முளைவிட அது விதை போல. பலன் தெரிய ஆப்பு வடிவத்தில் ஒரு சிறு துண்டு வார்த்து உடைத்துப் பார்ப்பார்கள். கூர்முனையில் வெள்ளை எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து.

அந்த வெள்ளையையே வேண்டி வார்ப்பதும் உண்டு. அரைக்கும் ஆலைகளின் குண்டுகள், உட்சுவர்த் தகடுகளான லைனர்கள், மணல் கலந்த நீரை இறைக்கும் பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லர் எல்லாம் வெள்ளை வார்ப்பிரும்பு. குரோமியம் 12 முதல் 28 சதவீதம் வரை சேர்த்தால் தேய்மானம் இன்னும் குறையும். மாவு ஆலை உருளைகளில் அச்சின் சுவரே உலோகமாக இருக்கும். வெளித்தோல் உடனே ஆறி வெள்ளையாகும், உள்ளே சாம்பலாகவே நிற்கும். வெள்ளை வார்ப்பை 900 டிகிரிக்கு மேல் நாள்கணக்கில் சுட்டால் கார்பைடு சிதைந்து கிராஃபைட் கொத்துகளாகும். ஜிஐ குழாயின் எல்போ, டீ பலவும் அப்படிச் செய்த மாலியபிள் இரும்பு.

ஏடுகளை உருண்டையாக்கும் வழி 1948-இல் வெளியானது. அதுதான் எஸ்ஜி (ஸ்பீராய்டல் கிராஃபைட், அதாவது உருண்டை கிராஃபைட்) அயர்ன், டக்டைல் என்றும் சொல்வார்கள். உலோகத்தில் 0.035 முதல் 0.05 சதவீதம் மெக்னீசியம் தங்கினால் போதும். தங்கவைப்பதுதான் பாடு. மெக்னீசியம் 1,091 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், உருகிய இரும்போ 1,450-க்கு மேல். அப்படியே போட்டால் வெடிக்கும். அதனால் சுமார் 6 சதவீதம் மெக்னீசியம் உள்ள ஃபெரோசிலிக்கான் கலவையை, உயரமான லேடிலின் (உலோகம் ஊற்றும் கலம்) அடியில் உள்ள பள்ளத்தில் இட்டு, மேலே ஸ்டீல் துண்டுகளால் மூடி, எதிர்ப்பக்கத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். கண்ணைக் கூசும் ஒளியும் வெள்ளைப் புகையும் எழும். 1,000 கிலோ இரும்புக்கு 15 கிலோ கலவை என்றால் மெக்னீசியம் 900 கிராம். பாதி போனால் தங்குவது 0.045 சதவீதம்.

கந்தகம் இருந்தால் இந்தக் கணக்கு தவறிப்போகும். ஒரு டன்னில் 1 கிலோ கந்தகம் இருந்தால் முக்கால் கிலோ மெக்னீசியத்தை அதுவே தின்றுவிடும். கோக் எரியும் குபோலா உலையில் கந்தகம் ஏறுவதால் எஸ்ஜி-க்கு மின்சாரத்தில் உருக்கும் இண்டக்‌ஷன் ஃபர்னஸ் வசதி. அடுத்தது நேரம். சுமார் 10 நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்காவிட்டால் மெக்னீசியம் மங்கி உருண்டைகள் புழுவாக நெளியத் தொடங்கும். அதனால் மாதிரியைக் கடைசி அச்சிலிருந்து எடுப்பதே சரி. முதல் அச்சில் எடுத்தால் நல்ல செய்தி மட்டும்தான் கிடைக்கும். கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினாலும் தெரியும்: எஸ்ஜி மணிபோல ஒலிக்கும், சாம்பல் மொத்தென்று கேட்கும். மெக்னீசியத்தைக் கூடுதலாகக் கொட்டுவதும் தீர்வல்ல. கார்பைடும் சுருக்கக் குழிகளும் வரும்.

எஸ்ஜி 400/15 என்பதில் 15 என்பது முறிவதற்கு முன் நீளும் சதவீதம். சாம்பல் இரும்பு 1 சதவீதம்கூட நீளாது. கிராங்க் ஷாஃப்ட்டும் குடிநீர்த் திட்டங்களின் டிஐ (டக்டைல் அயர்ன்) குழாயும் இதில் செய்யப்படுவது அந்த நீட்சிக்காகத்தான். அந்தப் புழு வடிவத்தையும் வீணாக்கவில்லை. மெக்னீசியத்தை 0.01 முதல் 0.02 சதவீதத்தில் வேண்டுமென்றே நிறுத்தி, அதில் டீசல் எஞ்சின் பிளாக் வார்க்கிறார்கள்.

உடைந்த சாம்பல் வார்ப்பைச் சாதாரண ராடால் பற்றவைத்தால் மறுநாளே பற்றின் ஓரமாக விரிசல் ஓடும். உருகிய ஓரம் சட்டென்று ஆறி வெள்ளையாகியிருக்கும். நிக்கல் ராடு போட்டு, ஒரு தடவைக்கு 25 மி.மீ.க்கு மேல் போகாமல், ஒவ்வொரு பற்றையும் சூடு ஆறுமுன் லேசாகத் தட்டிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் துண்டு முழுவதையும் 500, 600 டிகிரிக்குச் சூடாக்கிப் பற்றவைத்து, உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மறுநாள்வரை ஆறவிட வேண்டும்.