பைசாந்தியப் பொன்னின் மாற்று

இலங்கை மன்னனின் அவையில் ரோமானிய வணிகன் ஒருவனும் பாரசீகன் ஒருவனும் தத்தம் அரசரே பெரியவர் என்று வாதிட்டார்களாம். இருவர் காசையும் பார்த்து முடிவு செய்யுங்கள் என்றான் ரோமானியன். அவன் நீட்டியது பொன், பாரசீகன் நீட்டியது வெள்ளி. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரிய வணிகர் காஸ்மாஸ் எழுதிவைத்த இக்கதையில் தற்பெருமை சற்றுத் தூக்கல்தான். ஆனால் பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமானியப் பேரரசின் அந்தக் காசின் மதிப்பு கற்பனையன்று.

4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் கான்ஸ்டன்டைன், ஒரு ரோமானிய ராத்தல் பொன்னிலிருந்து 72 காசுகள் என்ற கணக்கில் சாலிடஸ் என்னும் நாணயத்தை அடிக்கச் செய்தார். சுமார் 4.5 கிராம் எடையுள்ள அக்காசு 24 கெராட்டியன் என்னும் எடை அலகுகளுக்குச் சமம். நகைக்கடையில் நாம் சொல்லும் 24 காரட்டின் வேர் இதுவே. காசின் அடியில் பொறித்த 'கோனோப்' என்பதில் 'கோன்' தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளையும், 'ஓப்' புடமிட்ட பொன்னையும் குறித்தன.

இந்தத் தூய்மையைக் காத்தது வரிமுறை. குடிகள் பொன்னாகச் செலுத்திய வரியை அரசு உருக்கிச் சுத்திகரித்து மீண்டும் காசாக்கியது. அது படைவீரர் சம்பளமாகச் சந்தைக்குப் போய், வரியாகவே கருவூலத்துக்குத் திரும்பியது. பொன்னிலுள்ள வெள்ளியைப் பிரிக்கப் பண்டைய உலகம் அறிந்த வழி எளிது: மெல்லிய தகடுகளை உப்போடும் செங்கல் பொடியோடும் மட்பானையில் அடுக்கி, பொன் உருகாத அளவுக்கு நெடுநேரம் சூடாக்கினால், வெள்ளி குளோரைடாகி வெளியேறிப் பொடியிலும் பானைச் சுவரிலும் ஊறிவிடும், பொன் தங்கிவிடும்.

7ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் ஜஸ்டினியன் காசின் முன்புறத்தைக் கிறிஸ்துவின் உருவத்துக்கு விட்டுக்கொடுத்து, தாம் பின்புறத்துக்கு நகர்ந்தார். அரசு தன்னை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது.

ஏறத்தாழ 700 ஆண்டுகள் நிலைத்த மாற்று, அதாவது பொன்னின் தூய்மை, 1030களில் நான்காம் மைக்கேல் காலத்தில் குறையத் தொடங்கியது. முதலில் நடந்த கலப்பு அரசின் பணப் பற்றாக்குறையாலா, பெருகிய வணிகத்துக்குக் காசு போதாமையாலா என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். 1071இல் மன்சிகெர்ட் போரில் தோற்று அனத்தோலியாவின் (இன்றைய துருக்கிப் பகுதி) வரிநிலங்கள் கைநழுவிய பின் அந்த ஐயத்துக்கு இடமில்லை: இருபதே ஆண்டுகளில் பொற்காசில் பொன்னைத் தேட வேண்டியதாயிற்று. 1092இல் முதலாம் அலெக்சியஸ் 20.5 காரட்டில் புதுக்காசு வெளியிட்டுச் சரிவைத் தடுத்தார். 1204இல் சிலுவைப் போர்வீரர்கள் தலைநகரைச் சூறையாடிய பின் அதன் மாற்றும் படிப்படியாக இறங்கி, 1350களில் பொற்காசு அடிப்பதே நின்றது. 1453இல் ஓட்டோமான் முற்றுகையின்போது காவல்வீரர்களுக்குக் கொடுத்தது, தேவாலயப் பாத்திரங்களை உருக்கி அடித்த வெள்ளிக் காசு.