ஊசி போட்ட தேதியும் பாறு கழுகும்

கோழிப் பண்ணைக்குப் போய் வரும் கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் கவுட் தெரியும். செத்த கோழியின் வயிற்றைத் திறந்தால் ஈரல் மேலும் இதய உறை மேலும் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளையாகப் படிந்திருக்கும். சிறுநீரகம் செயலிழந்து, வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் தங்கிவிட்டது என்று பொருள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பில், செத்த பாறு கழுகுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை, திறந்து எடுத்த படங்களைக் காட்டினார்கள். கோழியில் பார்த்த அதே சுண்ணாம்பு. அதற்குக் காரணமான மருந்தின் பெயரைச் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் என் பையில் இருந்த மருந்து அது.

டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. 1990-களில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. மடிவீக்கம், காய்ச்சல், கால் வீக்கம் என்று எதற்குப் போட்டாலும் மறுநாள் மாடு எழுந்து தீவனம் எடுக்கும். நாங்களும் தயங்காமல் போட்டோம். மாட்டின் உடல் சில நாட்களில் அதைக் கழித்துவிடும். அதற்குள் மாடு செத்துப்போனால்தான் ஆபத்து. ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும் மிச்ச மருந்து, அந்தச் சடலத்தைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகத்தை அழித்துவிடும். பாகிஸ்தானில் செத்துக் கிடந்த பறவைகளை ஆராய்ந்த குழு ஒன்று 2004-ல் இதை நிரூபித்தது. இந்தியாவிலோ 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 சதவீதம் சரிந்தது. ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று.

இத்தனைக்கும் எல்லாச் சடலங்களும் நஞ்சாக இருக்க வேண்டியதில்லை. 760-ல் ஒன்று முதல் 130-ல் ஒன்று வரை நஞ்சாக இருந்தாலே இந்தச் சரிவுக்குப் போதும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு சடலத்தைச் சுற்றிப் பாறுகள் கூட்டமாக உட்காரும், கூட்டமாகவே சாகும். ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அந்தக் குஞ்சும் வளர்ந்து இனப்பெருக்கத்துக்கு வர ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆகும். இழப்பை ஈடுகட்ட இந்தப் பறவைக்கு வழியே இல்லை.

காப்பகம் அமைத்துவிட்டால் உயிரினம் பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் மொத்தப் பரப்பு சுமார் 688 சதுர கிலோமீட்டர். பாறுகள் கூடு கட்டும் இடத்தைச் சுற்றி 100 கிலோமீட்டர் ஆரத்துக்குக் கேடான மருந்து புழங்கக் கூடாது என்பது 'பாறு பாதுகாப்பு மண்டலம்' என்ற திட்டத்தின் அளவு. கணக்குப் போட்டால் 31,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வரும். அதில் காடு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஊர், தொழுவம், மருந்துக்கடை. மாயாற்றங்கரை நீர்மத்தி மரத்தில் கூடு கட்டும் பறவையை வனக்காவலர் காவல் காக்கலாம். அது இரை தேடிப் போகும் ஊரில் எந்த ஊசி போட்டார்கள் என்பதை அவரால் எப்படிக் கவனிக்க முடியும்?

அதனால்தான் இந்த வேலை நாடு முழுக்கப் பல கைகளுக்குப் பிரிந்தது. மத்திய அரசு 2006-ல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான மருந்து கடையில் இருந்தது. 30 மில்லி குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். சும்மா ஊகித்துச் சொல்லவில்லை. 2007 முதல் 2010 வரை 11 மாநிலங்களில் 250-க்கும் மேற்பட்ட கடைகளுக்கு ஆய்வாளர்கள் சாதாரண வாடிக்கையாளர்போலப் போய், மாட்டுக்கு வலி மருந்து கேட்டார்கள். 36 சதவீதக் கடைகளில் டைக்ளோஃபினாக் கிடைத்தது. இப்படிக் கையில் ஆதாரம் சேர்ந்த பிறகுதான் 2015-ல் மனிதர்களுக்கான ஊசி மருந்தை 3 மில்லி அளவில் மட்டுமே விற்கலாம் என்ற ஆணை வந்தது. ஒரு மாட்டுக்கு நாலைந்து ஆம்பூல் உடைக்க வேண்டும், விலையும் கட்டுப்படியாகாது. குப்பியின் அளவைக் குறைத்த அந்த ஒரு முடிவு, தொழுவத்தில் என்ன மாற்றம் செய்தது என்பதை நான் நேரில் பார்த்தவன். சட்டம் போட்டவர்களைவிட, கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்குத்தான் என் முதல் நன்றி.

இன்னொரு பக்கம் ஹரியானாவின் பிஞ்சோரில், மாநில வனத்துறையும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் சேர்ந்து 2001-ல் தொடங்கிய மையம். அப்புறம் மேற்கு வங்கம், அசாம், மத்தியப் பிரதேசம் என்று இனப்பெருக்க மையங்கள் விரிந்தன. முதல் முட்டையை எடுத்து அடைகாப்பானில் வைத்தால் ஜோடி மறுபடி ஒரு முட்டை இடும். இந்த உத்தியையும் பயன்படுத்திப் பொறுமையாகப் பெருக்கினார்கள். பிஞ்சோரில் வளர்ந்த வெண்முதுகுப் பாறுகளில் எட்டை 2020-ல்தான் வெளியே விட்டார்கள். வெளியே கிடக்கும் சடலங்களில் மருந்து குறைந்திருக்கிறதா என்று உறுதியாகத் தெரியாமல் பறவையைத் திறந்துவிடுவது அதைக் கொல்வதற்குச் சமம். சடலங்களிலிருந்து ஈரல் மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் இல்லையென்றால் கூண்டைத் திறக்கும் நாளை யாராலும் குறிக்க முடியாது.

2023-ல் கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. அசிகுளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. பெயர்தான் வேறு. பிறகு நிமெசுலைடும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. மெலாக்சிகமும் டோல்ஃபெனமிக் அமிலமும் பாறுகளுக்குப் பாதுகாப்பானவை என்று சோதித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டும் மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் நன்றாகவே வேலை செய்கின்றன. என் அனுபவத்தில் மெலாக்சிகம் போட்டு வருத்தப்பட்டதே இல்லை.

தெற்கே தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து இப்போது ஒரே நாட்களில் பாறுகளை எண்ணுகின்றன. தனித்தனியாக எண்ணினால் முதுமலையில் பார்த்த பறவையையே வயநாட்டிலும் பந்திப்பூரிலும் எண்ணிவிடுவோம். 2023 பிப்ரவரியில் 246 என்றும் அதே ஆண்டு டிசம்பரில் 320 என்றும் கணக்கு வந்தது. பத்து மாதத்தில் பறவைகள் அவ்வளவு பெருகியதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். எண்ணும் முறையும் தேர்ந்துகொண்டு வருகிறது. ஆனாலும் அந்த எண்ணைப் படித்த அன்று மனசு நிறைந்துதான் இருந்தது.

சரி, மாடு வளர்ப்பவர்கள் என்ன செய்யலாம்? ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வலி மருந்து வாங்காதீர்கள். போட்ட மருந்தையும் தேதியையும் எங்காவது குறித்து வையுங்கள். புலியோ சிறுத்தையோ அடித்த மாட்டின் மேல் கோபத்தில் விஷம் தெளிக்காதீர்கள். அதில் முதலில் சாவது பாறுகளாகத்தான் இருக்கும். மாடு திடீரென்று செத்து மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் கசிந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். சடலத்தை அறுக்காமல், தொடாமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு மழைக்காலம். சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்த பசு ஒன்றுக்கு மூன்று நாள் வைத்தியம் பார்த்தேன். தேறவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் மாட்டுக்காரர் போன் செய்தார். "மாடு போயிருச்சுங்க டாக்டர். நீங்க ஊசி போட்டு மூணு நாள்தான் ஆச்சு. பள்ளத்துல கொண்டுபோய்ப் போட்டுறலாமுங்களா, இல்ல குழி தோண்டணுங்களா?"

வழக்கமாகச் செத்த மாடுகளைப் போடும் பள்ளத்தைத்தான் சொன்னார். மருந்துக்கும் பாறுக்கும் உள்ள தொடர்பை ஊர்க்கூட்டத்தில் நான் பேசியபோது, கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் கேட்காமல் எழுந்து போனவர் அவர். வேறு யாராவது வந்து வேறு ஊசி போட்டார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று நாளும் மெலாக்சிகம் மட்டும்.

"நான் வந்து ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்றேண்ணா. அதுவரைக்கும் குழி தோண்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.