அந்த ஒரு சொல் புகாரில் இருக்கிறதா?

பந்தலூர்ப் பக்கத்திலிருந்து பணியர் பழங்குடி இளைஞர் ஒருவர் கூடலூரில் என் அலுவலகத்துக்கு வந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததற்காக அடி. காதோரம் தையல். கையில் எஃப்.ஐ.ஆர். நகல், அதில் "ஆபாசமாகத் திட்டி, கையால் தாக்கி" என்று இருந்தது. என்ன சொல்லித் திட்டினார்கள் என்று கேட்டேன். குனிந்துகொண்டார். மூன்றாவது தடவை கேட்டபோதுதான், "அதை என் வாயால எப்படி வக்கீலம்மா சொல்றது?" என்றார்.

ஸ்டேஷனிலும் அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சாதிப் பெயரான அந்தச் சொல் விட்டுப்போனதும், சாதி வெறுப்பில் நடந்த குற்றம் சாதாரண அடிதடி வழக்காகிவிட்டது.

1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் பலர் பார்க்கக்கூடிய இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது திட்டினால் இந்தப் பிரிவு நிற்காது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் எந்த இடம், யார் யார் நின்றார்கள், திட்டியவர் எந்தச் சமூகம் என்பதெல்லாம் புகாரிலேயே வர வேண்டும். வாய்மொழிப் புகாரை எழுதியதும் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். இந்தச் சட்டத்தின் 4-ம் பிரிவு அதிகாரிகளுக்கு விதித்த கடமை அது. வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். விசாரணைக்கு ஊட்டி வரை போக வேண்டியிருந்தால் பயணப்படியும் தினப்படியும் உண்டு. கூலி போய்விடுமே என்று பயந்து பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, இந்தச் சட்டம் எல்லோருக்கும் கிடையாது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, மாநில அரசின் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளை இன்னும் "சிலோன்காரன்" என்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைகிற குடும்பங்கள் அதில் நிறைய. ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவரை இந்தி பேசுகிறார் என்பதற்காக இரண்டு பேர் அடித்தால் என்ன வழக்கு? இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதா, பிறந்த இடம், மொழி, சாதி காரணமான வன்முறையைத் தனியாகப் பார்க்கிறது. ஆனால் ஐந்து பேராவது சேர்ந்து கொலையோ கொடுங்காயமோ செய்திருந்தால்தான். மற்றபடி சாதாரணக் காயம். அதிகபட்சம் ஓராண்டு, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதத்தோடு முடிந்துவிடலாம்.

இந்த ஓட்டையை மாநிலமே அடைக்கலாம். குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்க வேண்டும். ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பரிந்துரைக்க 2025 அக்டோபரில் ஓய்வு பெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் கொலை வரை போகாத வெறுப்புக்கும் சட்டம் வேண்டும். அடித்தவர் ஒருவரோ ஐவரோ, வெறுப்புதான் காரணம் என்று நிரூபணமானால் தண்டனை கூட வேண்டும்.

அதுவரை, சொல்ல நாக் கூசினால் எழுதிக் கொடுங்கள். அந்த இளைஞரிடம் பேப்பரும் பேனாவும் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எழுதி, பேப்பரைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். அதை வைத்துத்தான் டி.எஸ்.பி.யிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுத்தோம். வன்கொடுமைப் பிரிவும் வழக்கில் சேர்ந்தது.